குடில் மாடும் தெரு மாடும்

ஜீவகாருண்யம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாட்டில் யார் யார் நினைவுக்கு வருகிறார்கள்? மகாவீரர் வருகிறார். புத்தர் வருகிறார். வடலூர் வள்ளலார் வருகிறார். இன்னும் சற்று அருகில் பார்த்தால் காந்தியடிகள் வருகிறார். இந்த வரிசையில் நாசரேத்தூர் இயேசுவை யாரும் சேர்ப்பதில்லை. ‘கிறிஸ்தவனுக்கும் ஜீவகாருண்யத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆடு, மாடு, கோழி, பன்றி எதையும் விட்டுவைக்காதவனாயிற்றே அவன்!’ என்று பிறர் சொல்வதுண்டு. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அடுத்த வீட்டுச் சமையலைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது நம்மவர்களுக்குப் பிறவிக் குணம். கிறிஸ்தவர்களே அதற்குத் தலையாட்டுகிறார்களே, அதுதான் ஆச்சரியம். ‘ஆமாம், அது உங்கள் சமாசாரம், எங்கள் வேதத்தில் அதெல்லாம் கிடையாது’ என்று, ஏதோ பெருந்தன்மையோடு, தங்கள் பரம்பரைச் சொத்தை அண்டை வீட்டுக்காரன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் பத்திரம் செல்லாது என்று வாதாடுவதற்காகவே இதை எழுதுகிறேன். பிராணிகளிடம் இரக்கம் காட்டுவது கிறிஸ்தவ விசுவாசத்தின் மேல் யாரோ பின்னால் ஒட்டவைத்த அலங்காரம் அல்ல. அது அந்த விசுவாசத்தின் கடமைகளில் ஒன்று. ஏழைக்குக் கொடாதவன் எப்படிக் கடமை தவறியவனோ, அப்படியே வாயில்லா ஜீவனை வதைப்பவனும், வதைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவனும் கடமை தவறியவர்கள். இதுதான் என் கட்சி.

எதிர்க்கட்சிக்காரர்கள் மூன்று கேடயங்களோடு வருவார்கள். ‘மிருகங்களுக்கு ஆத்துமா கிடையாது’ என்பது முதலாவது. ‘பூமியை ஆண்டுகொள்ளும்படி ஆண்டவரே மனிதனிடம் கொடுத்துவிட்டார்’ என்பது இரண்டாவது. ‘மனிதனே பட்டினி கிடக்கும்போது மாட்டுக்கு என்ன பரிதாபம்?’ என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஆத்துமா. நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். கடவுள் மனிதனை மண்ணினால் உருவாக்கி ஊதியபோது அவன் ‘ஜீவாத்துமா’ ஆகிறான். அதற்கு முந்திய அதிகாரத்தில் பிறந்த மீனும் பறவையும் மிருகமும் ‘ஜீவஜந்து’ ஆகின்றன. ஒன்று ஆத்துமா, மற்றது ஜந்து, எவ்வளவு தூரம்! ஆனால் எபிரெய மூலத்தில் அந்தத் தூரமே இல்லை. இரண்டு இடத்திலும் ‘நெஃபெஷ் ஹய்யா’ என்ற ஒரே சொற்றொடர்தான். உயிருள்ளது, மூச்சுள்ளது என்று பொருள். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களும் மனிதனுக்கு ஒரு சொல், மிருகத்துக்கு ஒரு சொல் என்று பிரித்துப் போட்டார்கள். மனிதன்தான் மொழிபெயர்த்தான், மாடு மொழிபெயர்க்கவில்லை. பாகப்பிரிவினையில் பேனா பிடித்தவனுக்குப் பெரிய பங்கு விழுந்ததில் வியப்பென்ன?

வேதத்திலேயே இன்னொரு கிழவர் இருக்கிறார். பிரசங்கி என்று பெயர். மனிதனுக்கும் மிருகத்துக்கும் சுவாசம் ஒன்றுதான், இதுவும் சாகிறது அவனும் சாகிறான், மனிதனுடைய ஆவி மேலே போகிறது, மிருகத்தின் ஆவி கீழே போகிறது என்று கண்டவன் யார் என்று அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு வேதத்துக்குள் யாரும் அடித்துப் பேசிப் பதில் சொன்னதாகக் காணோம். பதிலைப் பிற்காலத்தவர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். அறிவில்லாதது அறிவுள்ளதற்காகவே இருக்கிறது என்பது கிரேக்கச் சிந்தனை. அரிஸ்டாட்டிலின் பள்ளிக்கூடத்தில் படித்த அந்தப் பாடத்தை 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற பேரறிஞர் கிறிஸ்தவத்துக்குள் அமர்த்திவைத்தார். மிருகத்தை வதைக்கலாகாது என்று அவரும் சொன்னார். ஏன் என்றால், அந்தப் பழக்கம் மனிதரை வதைப்பதில் கொண்டுபோய் விடும் என்பதற்காக. அடி வாங்கும் கழுதைக்காக அவர் பேசவில்லை. அடிப்பவனின் குணம் கெட்டுவிடுமே என்பதற்காகப் பேசினார். 17-ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் இன்னும் ஒருபடி தாண்டி, மிருகம் என்பது ஒரு யந்திரம் என்றே சொல்லிவிட்டார். கடிகாரத்துக்கு வலிக்குமா? வலிக்காது. விஷயம் முடிந்தது.

சரி, வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். பிராணிக்கு அழியாத ஆத்துமா இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அதை வதைக்கலாம் என்று ஆகிறதா? நேர்மாறாக அல்லவா ஆகிறது! துன்பப்படும் மனிதனிடம், ‘அப்பா, இங்கே பட்டதற்கு மேலே பலன் உண்டு’ என்று ஆறுதல் சொல்ல உங்களுக்கு ஒரு பரலோகம் இருக்கிறது. மாட்டிடம் என்ன சொல்வீர்கள்? அதற்கு இருப்பது இந்த ஒரு பிழைப்புத்தான் என்றால், அதையும் நரகமாக்குவதற்கு என்ன நியாயம்? இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், உயிருள்ள பிராணிகளை அறுத்துச் சோதனை செய்வதைப் பற்றி 1947-இல் எழுதிய கட்டுரையில் இந்த இடத்தைத்தான் பிடித்தார். பிராணி பாவம் செய்யவில்லை. ஆகவே துன்பம் அதற்குத் தண்டனை ஆகாது. துன்பத்தால் அதன் ஒழுக்கம் உயரப்போவதில்லை; ஆகவே அது பயிற்சியும் ஆகாது. மறுமையில் ஈடுகட்டவும் வழியில்லை. ஆத்துமா இல்லை என்பது வதைப்பவனின் வழக்கைப் பலவீனமாக்குகிறதே தவிரப் பலப்படுத்தவில்லை என்பது அவர் வாதம். முதல் கேடயம் இப்படித்தான் பிடித்தவன் கையையே வெட்டுகிறது.

இரண்டாவது கேடயம், ஆளுகை. மனிதனுக்கு மீன்களையும் பறவைகளையும் மிருகங்களையும் ஆளும் அதிகாரம் கொடுக்கப்பட்டது, உண்மைதான். ஆனால் அந்த வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் அடுத்த வசனத்தைப் படிப்பதில்லை. அதிகாரம் கொடுத்த அதே மூச்சில் கடவுள் உணவுப் பங்கீடு செய்கிறார்: மனிதனுக்கு விதை தரும் பயிரும் பழமும், மிருகங்களுக்குப் பச்சைப் பூண்டு. இறைச்சிக்கு அனுமதி வருவது ஜலப்பிரளயத்துக்குப் பிறகு, நோவாவின் காலத்தில். அப்போதும் வானவில்லை அடையாளமாக வைத்து அவர் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டும் செய்ததல்ல; பேழையிலிருந்து இறங்கிய ஒவ்வொரு ஜீவனோடும் செய்தது. கடவுளோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஒரு தரப்பை, ‘அதற்கு என்ன தெரியும்?’ என்று ஒதுக்கிவைப்பது எந்த ஊர் நியாயம்?

ஆளுகை என்றால் என்ன என்றும் வேதமே சொல்கிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசி, மந்தையின் கொழுப்பைத் தின்று, ரோமத்தை உடுத்திக்கொண்டு, நோயுற்றதைக் குணமாக்காமல், பலாத்காரமாக ஆண்ட மேய்ப்பர்கள் மேல் கடவுளின் கோபம் வரும் என்கிறார். அவர் மனித ஆட்சியாளர்களைத்தான் சொன்னார். ஆனால் உவமை எங்கிருந்து வந்தது? நல்ல ஆளுகைக்கு அவருக்குக் கிடைத்த அளவுகோல், ஆட்டைப் பார்த்துக்கொள்ளும் மேய்ப்பன். இயேசு தமக்கு வைத்துக்கொண்ட பெயரும் அதுதான். மேய்ப்பன் கையில் கோல் இருக்கிறது என்பதற்காக, ஆட்டை அடிப்பதற்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று படிக்கிறவனை என்ன செய்வது?

அந்த ஆளுகை தினசரி வாழ்க்கையில் எப்படி நடக்க வேண்டும் என்று மோசேயின் சட்டத்தில் விவரமாக இருக்கிறது. ஓய்வுநாள் வீட்டு எஜமானுக்கு மட்டும் அல்ல, வேலைக்காரனுக்கும், மாட்டுக்கும், கழுதைக்கும் உண்டு. பத்துக் கட்டளைகளுக்குள்ளேயே மாடு இருக்கிறது. போரடிக்கிற மாட்டுக்கு வாய்க்கூடை போடக் கூடாது. குருவிக்கூட்டில் தாயும் குஞ்சும் இருந்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால், பகையை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் போய்த் தூக்கிவிட வேண்டும். இந்தக் கடைசிக் கட்டளையை நான் பலமுறை யோசித்துப் பார்த்ததுண்டு. வரப்புத் தகராறில் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மனிதர்கள்; நடுவில் சுமையோடு விழுந்த ஒரு கழுதை. ‘கழுதைக்கும் உன் வழக்குக்கும் சம்பந்தமில்லை, தூக்கு’ என்கிறது சட்டம். மனிதர்களின் சண்டையில் பிராணி கட்சிக்காரன் அல்ல என்று இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டமும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

இயேசு இதைத் தள்ளிவைத்தாரா? ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்கியதற்காக அவரைக் குற்றம் பிடிக்க வந்தவர்களிடம் அவர் காட்டிய முன்னுதாரணமே ஆடும் மாடும்தான். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடமாட்டீர்களா, மாட்டை அவிழ்த்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகமாட்டீர்களா என்று கேட்டார். கேள்வி கேட்டவர்கள் வாயடைத்து நின்றார்கள். ஏன்? பிராணியைக் காப்பது ஓய்வுநாளையும் மிஞ்சிய கடமை என்பது அவர்களுக்குள் விவாதத்துக்கே இடமில்லாத விஷயமாக இருந்தது. மனிதன் ஆட்டைவிட மேலானவன் என்றும் அவர் சொன்னார், நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் வருவதே, ஆட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று முதலில் ஒப்புக்கொண்டால்தான்.

சிட்டுக்குருவிக் கணக்கு இன்னும் சுவையானது. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி விலை போகிறது. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியானால் ஐந்தாவது குருவி கொசுறு. கத்தரிக்காய் வாங்குகிறவர்களுக்குக் கறிவேப்பிலை போடுவதுபோல, சந்தைக்காரன் சும்மா சேர்த்துப் போட்ட குருவி. அந்த விலையில்லாக் குருவியையும் கடவுள் மறக்கவில்லை என்கிறார் இயேசு. விலை கேட்டுத்தான் மதிப்புத் தருவோம் என்கிற நம் உலகத்துக்கு அந்த ஒரு வாக்கியம் போதாதா?

‘அப்படியானால் பவுல் அப்போஸ்தலன்?’ என்று படித்த அன்பர் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டும். போரடிக்கிற மாட்டைப் பற்றிய கட்டளையை எடுத்துக்கொண்டு, கடவுள் கவலைப்படுவது மாடுகளுக்காகவா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஊழியக்காரனுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று வாதாடும் இடத்தில் வரும் கேள்வி அது. மாட்டுக்கே இந்த நியாயம் என்றால் மனிதனுக்கு எவ்வளவு என்பது அதன் போக்கு. அந்த ஒரு வாக்கியத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்கி, ‘பார்த்தீர்களா, மாட்டைப் பற்றிக் கடவுளுக்குக் கவலையில்லை’ என்று காட்டுகிறவர்கள், யோனாவின் புத்தகத்துக்கு என்ன பதில் சொல்வார்கள்? நினிவேயை ஏன் அழிக்கவில்லை என்று முறைத்துக்கொண்டிருந்த யோனாவிடம் கடவுள் இரண்டு காரணம் சொன்னார்: லட்சத்து இருபதினாயிரம் அறியாத ஜனங்கள், அதோடு அநேக மிருகஜீவன்கள். அந்தப் புத்தகம் முடிவது அந்த மிருகங்களின் பேரில்தான். கடவுள் ஒரு நகரத்தை மன்னித்ததற்கு அவர் வாயாலேயே சொன்ன கடைசிக் காரணம் அந்த ஊர் ஆடுமாடுகள்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கிறிஸ்தவர்கள் எல்லோரும் சைவ உணவுக்கு மாறிவிட வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களோடு மீன் உண்டதாக லூக்கா எழுதியிருக்கிறார். அதை நான் அழித்தெழுத முடியாது. மனமுவந்து சைவமாக இருக்கிற கிறிஸ்தவர்களை வணங்குகிறேன், அது வேறு. என் வழக்கு மிகச் சிறியது: தேவையில்லாமல் வலி கொடுக்காதே, உன் கையில் இருக்கும் ஜீவனை உன் பொறுப்பாக எண்ணு. சிறிய வழக்காக இருப்பதால்தான் இதிலிருந்து தப்பிக்கவும் வழியில்லை.

இனி மூன்றாவது கேடயம்: மனிதனுக்கே வழியில்லை என்ற வாதம். இதற்கு வசனத்தால் பதில் சொல்வதைவிட வரலாற்றால் சொல்லலாம்.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், காளையைக் கம்பத்தில் கட்டி நாய்களை ஏவிவிட்டுக் குதறவைப்பது ஜனங்களுக்கு வேடிக்கை. ஊரெல்லாம் கோயில் மணி அடித்த தேசம்தான் அது. 1772-இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற கிராமத்துக் குரு, நீதிமான் தன் மிருகத்தின் உயிரையும் கவனிப்பான் என்ற நீதிமொழிக் கருத்தை எடுத்துப் பிரசங்கம் செய்தார். சபையார் முகம் சுளித்தார்கள். பிரசங்க மேடையில் நின்று நாயையும் குதிரையையும் பற்றிப் பேசுவதா, மேடையின் கௌரவம் என்ன ஆவது என்று அவர்களுக்கு ஆத்திரம். நான்கு ஆண்டு கழித்து, 1776-இல், ஹம்ஃப்ரி பிரைமட் என்ற இன்னொரு குரு ஒரு புத்தகமே எழுதினார். மனிதனுக்கு நேர்ந்தாலும் மிருகத்துக்கு நேர்ந்தாலும் வலி வலிதான். கொடுமை செய்துகொண்டே கடவுளைக் கும்பிடுகிறவன் நாஸ்திகனுக்குச் சமம் என்பது அவர் துணிபு.

1800-இல் காளை வதைக்கும் வேடிக்கையைத் தடுக்கப் பார்லிமெண்டில் கொண்டுவந்த மசோதா இரண்டே வாக்கில் தோற்றது. 1822-இல்தான் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற அயர்லாந்து அங்கத்தினர், குதிரை, மாடு, ஆடுகளை வதைப்பவனுக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றினார். சட்டம் வந்தால் போதுமா? லண்டன் ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தையில் நின்று பார்த்து வழக்குப் போட ஆள் வேண்டுமே! அந்த ஆளுக்குத் தன் சொந்தப் பணத்திலிருந்து சம்பளம் கொடுத்தவர் ஆர்தர் புரூம் என்ற குரு. பிரைமட்டின் புத்தகத்தைத் தூசி தட்டி மறுபதிப்புப் போட்டவரும் அவர்தான். 1824, ஜூன் 16-ஆம் தேதி, லண்டனில் ஒரு காப்பிக் கடையில் 22 பேரைக் கூட்டி, மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை ஆரம்பித்தார். பிறகு தம் சபை உத்தியோகத்தை ராஜிநாமா செய்துவிட்டுச் சம்பளமில்லாத காரியதரிசி ஆனார். சங்கத்துக்குக் கடன் ஏறியது. 1826-இல் அந்தக் கடனுக்காகப் புரூம் சிறைக்குப் போனார். ஆம், கழுதைகளுக்காகவும் குதிரைகளுக்காகவும் ஒரு கிறிஸ்தவ குரு சிறையில் இருந்தார். இன்று உலகமெங்கும் அறியப்பட்ட அந்தச் சங்கத்துக்கு 1840-இல் விக்டோரியா மகாராணி ‘ராயல்’ பட்டம் கொடுத்தபோது புரூம் உயிரோடு இல்லை, 1837-லேயே மறைந்துவிட்டார்.

அந்த 22 பேரில் இன்னும் இருவரைக் கவனியுங்கள். ஒருவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். 1807-இல் பிரிட்டிஷ் அடிமை வியாபாரத்தை ஒழித்த சட்டத்துக்காக இருபது ஆண்டுகள் போராடியவர். இன்னொருவர் ஃபவல் பக்ஸ்டன். 1833-இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையையே ஒழித்த சட்டத்தைப் பார்லிமெண்டில் முன்னின்று நடத்தியவர். இருவரும் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். மாட்டுக்காகப் பரிந்ததனால் அடிமைகளை அவர்கள் மறந்தார்களா? ‘முதலில் மனிதன்’ என்று சொல்லிக்கொண்டு மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒன்றும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த உத்தமர்களின் பெயர்தான் சரித்திரத்தில் இல்லை.

இன்னொரு சம்பவம். 1874-இல் நியூயார்க் நகரத்தில் ஒரு சிறுமி வளர்ப்பு வீட்டில் கொடூரமாக அடிபட்டுக்கொண்டிருந்தாள். ஏழைகள் நடுவே வேலை செய்த ஒரு மிஷன் ஊழியப் பெண்மணி பல இடங்களில் முறையிட்டும் வழி பிறக்கவில்லை. கடைசியில் அவள் போய் நின்ற இடம், ஹென்றி பெர்க் என்பவர் நடத்திய மிருகவதைத் தடுப்புச் சங்கம். அவர் தம் வழக்கறிஞர் மூலம் குழந்தையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து மீட்டார். குழந்தைகளை வதையிலிருந்து காக்கும் சங்கம் அந்த நகரத்தில் பிறந்தது அந்த வழக்கின் விளைவாகத்தான். இரக்கம் என்பது அளந்து வைத்த அரிசியா, மாட்டுக்கு ஒருபிடி போட்டால் மனிதனுக்கு ஒருபிடி குறைய? அது ஊற்று, இறைக்க இறைக்கச் சுரப்பது.

சரித்திரத்தைச் சொல்ல வந்தவன் அதன் கறையையும் சொல்ல வேண்டும். புரூமுக்குப் பிறகு சங்கத்தைக் கடனிலிருந்து தூக்கி நிறுத்தியவர் லூயிஸ் காம்பெர்ட்ஸ் என்ற யூதர். குதிரை இழுக்கும் வண்டியில்கூட ஏறாதவர். இறைச்சியும் பாலும் தொடாதவர். 1832-இல் சங்கத்தார் கூடி, இது முழுக்க முழுக்கக் கிறிஸ்தவக் கொள்கைமேல் நிற்கும் சங்கம் என்று தீர்மானம் போட்டார்கள். காம்பெர்ட்ஸ் வெளியேறினார். காரியம் செய்தவன் வெளியே; பெயர்ப்பலகை உள்ளே! பவுலுடைய மாட்டையும் பிலேயாமுடைய கழுதையையும் உலகத்துக்குக் கொடுத்ததே யூதர்களின் வேதம்தான் என்பது அந்தத் தீர்மானக்காரர்களுக்கு ஞாபகம் வரவில்லை போலும்.

இங்கிலாந்துச் சங்கத்தைக் கேலி செய்தவர்கள் ஒரு நியாயமான கேள்வியும் கேட்டார்கள்: ஏழை வண்டிக்காரனைப் பிடிக்கிறீர்களே, நரி வேட்டையாடும் பிரபுவை ஏன் பிடிக்கவில்லை? அந்தக் கேள்வி நமக்கும் உண்டு. பாரம் இழுக்கிற மாட்டுக்கு இரண்டு அடி போடுகிறவனைப் பார்த்து ‘ஐயோ பாவி!’ என்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வெள்ளை வேட்டியோடு கோழிக்கடை வாசலில் நிற்கும்போது, சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வந்து இறங்கும் கோழிகளைப் பார்த்து நாம் ஒரு வார்த்தை சொல்கிறோமா? ‘இப்படிக் கொண்டுவந்தால் உன் கடையில் வாங்கமாட்டேன்’ என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? பிராணியைத் தேவையற்ற வலி உண்டாகும்படி ஏற்றிச் செல்வது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சர்க்காருக்குத் தெரிந்த பாவம் சபைக்குத் தெரியவில்லை.

தெற்குச் சீமைச் சபைகளில் அசனம் என்றொரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஜாதி, அந்தஸ்து பாராமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அதன் சமத்துவத்தை நான் மெச்சுகிறேன். அந்த விருந்துக்கு வரும் ஆடுகளுக்குக் கடைசி நாளில் நிழலும் தண்ணீரும் உண்டா, ஒன்றின் கண்முன்னே இன்னொன்றை அறுக்காமல் இருக்கிறார்களா என்று விசாரிப்பது மட்டும் ஏன் யாருடைய வேலையும் இல்லாமல் போக வேண்டும்? விருந்துக் கமிட்டியில் பாத்திரத்துக்கு ஒருவர், விறகுக்கு ஒருவர், இலைக்கு ஒருவர். ஆட்டுக்கு ஒருவரைப் போட்டால் கமிட்டி கவிழ்ந்துவிடுமா?

கத்தோலிக்கர்களுக்கும் ஒரு வார்த்தை. 1567-இல் ஐந்தாம் பயஸ் என்ற போப்பாண்டவர், காளைச் சண்டை கிறிஸ்தவர்களுக்கு அடாத காட்சி என்று தடைவிதித்து, அதை அனுமதிக்கும் அரசர்களைச் சபையிலிருந்து விலக்குவதாக ஆணையிட்டார். அடுத்து வந்த போப்பாண்டவர் அந்தத் தடையைத் தளர்த்திவிட்டார். ஸ்பெயினில் அர்ச்சிஷ்டவர்களின் திருநாட்களிலேயே காளைச் சண்டை தொடர்ந்தது. ஐந்தாம் பயஸும் 1712-இல் அர்ச்சிஷ்டவர் ஆனார். அர்ச்சிஷ்டவரைக் கும்பிடலாம், அவர் சொன்னதைக் கேட்கத்தான் கஷ்டம்! நம் திண்டுக்கல் பக்கத்திலும் வனத்து அந்தோணியார் திருநாளை ஒட்டிக் காளைகள் அவிழ்க்கப்படுகின்றன. நம் ஜல்லிக்கட்டு ஸ்பெயின் விளையாட்டைப்போல் கொன்று முடிப்பதல்ல. சட்டசபை 2017-இல் வழி செய்ய, உச்ச நீதிமன்றமும் 2023-இல் ஒப்புக்கொண்டுவிட்டது. நான் சட்டம் பேசவில்லை. மாடுகளின் காவலர் என்று அந்தோணியாரைக் கொண்டாடி, அந்த மாட்டைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிற குரு, அதன் வாலை முறுக்கிக் கடிப்பது பாவம் என்று அதே வாயால் சொல்ல வேண்டும் என்கிறேன். 1992-இல் ரோமாபுரி வெளியிட்ட மறைக்கல்வி நூலே, பிராணிகளுக்கு மனிதன் அன்பு காட்டக் கடமைப்பட்டவன், காரணமின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு விரோதம் என்கிறது. 2015-இல் போப் பிரான்சிஸ் ஒரு நீண்ட சுற்றுமடலே எழுதினார். மேலே எழுதியது கீழே வந்து சேரவில்லை.

மார்கழியில் ஒவ்வொரு கோயிலிலும் வீட்டிலும் குடில் கட்டுகிறோம். வைக்கோல் பரப்பி, மாதாவையும் சூசையப்பரையும் வைத்து, பக்கத்தில் ஒரு மாட்டையும் கழுதையையும் நிறுத்துகிறோம். சுவிசேஷத்தின் பிறப்புக் கதையில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. மாடு தன் எஜமானை அறியும், கழுதை தன் முன்னணையை அறியும், ஜனங்கள்தான் அறியவில்லை என்று ஏசாயா அங்கலாய்த்ததை நினைத்து, பின்னால் வந்தவர்கள் அவற்றை உள்ளே கூட்டிவந்தார்கள். 1223-இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தித் திருநாள் கொண்டாடினார். நாம் அவற்றை மண்ணால் செய்துகொண்டோம். மண் மாடு சௌகரியமானது. தண்ணீர் கேட்காது, புண் வராது, மூக்கணாங்கயிறு இழுத்தால் வலிக்காது. அதற்குச் சீரியல் விளக்குப் போட்டுவிட்டு, வாசலில் பிளாஸ்டிக் காகிதத்தை மென்றுகொண்டிருக்கும் தெரு மாட்டைக் கல்லால் அடித்து விரட்டிவிட்டு, உள்ளே போய்ப் பிறப்புப் பாட்டுப் பாடுகிறோம்.

குருமார்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வருஷத்தில் ஒரு ஞாயிறு, அசிசி பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4-ஐ ஒட்டி வரும் ஞாயிறாகவே இருக்கட்டும், இதைப் பற்றிப் பிரசங்கம் செய்யுங்கள். கிரேஞ்சரின் சபையார் சுளித்ததுபோல் உங்கள் சபையார் முகம் சுளித்தால் சந்தோஷப்படுங்கள். தூங்காமல் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோயில் காம்பவுண்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுங்கள். நன்கொடையாளர் பெயரை வேண்டுமானால் அதில் பொறித்துக்கொள்ளுங்கள், மாடு படிக்கப்போவதில்லை. திருவிழாக் கமிட்டியில் ஆட்டுக்கு ஒருவரை நியமியுங்கள்.

சபையாரிடம் கேட்பது இன்னும் சிறியது. தலைகீழாகத் தொங்கும் கோழியைக் கண்டால், ‘தம்பி, கூடையில் வைத்துக் கொண்டுவா’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவன் முறைப்பான், ‘உங்களுக்கேன் சார் வம்பு?’ என்பான், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். புரூமுக்குச் சிறை கிடைத்தது. உங்களுக்கு ஒரு சிரிப்புத்தானே?

இதுவும் முடியாது, மிருகத்துக்கு ஆத்துமா இல்லை என்பதே எங்கள் முடிவு என்று இன்னும் ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அவருக்காக எண்ணாகமத்தில் ஒரு கதை இருக்கிறது. பிலேயாம் என்ற தீர்க்கதரிசி கழுதைமேல் போகிறான். வழியை மறித்து உருவிய வாளோடு தேவதூதன் நிற்கிறான். கழுதைக்குத் தெரிகிறது, தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை. ஒதுங்கிய கழுதையை அவன் மூன்று தடவை அடிக்கிறான். கடைசியில் அவன் கண் திறந்தபோது தேவதூதன் கேட்ட முதல் கேள்வி, ‘எங்கே போகிறாய்?’ என்பதல்ல, ‘உன் கழுதையை ஏன் மூன்று தடவை அடித்தாய்?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம் என்று நாம் இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.